மோட்டரில் பழுதா? படிமுறையாகக் கண்டறிவோம்

விஞ்ஞானம் – தரம் 11
மின்காந்தவியலும் மின்காந்தத் தூண்டலும் – பிரயோக வினாக்களுக்கான பயிற்சி



மின்மோட்டரின் படத்தை வரைந்து பாகங்களைப் பெயரிடும்படி கேட்டால் நீங்கள் தயங்காமல் எழுதிவிடுவீர்கள். ஆனால், "மோட்டர் சுழலவில்லை, காரணத்தை எவ்வாறு கண்டறிவீர்?" என்று கேட்டால் பலர் "மோட்டர் பழுதடைந்துள்ளது" என்ற ஒரே வரியுடன் நிறுத்திவிடுகின்றனர். இது சோதித்துப் பெற்ற முடிவு அன்று, வெறும் ஊகம். இந்த ஊகத்தை நம்பிப் புது மோட்டர் வாங்கினால், அதுவும் பழையதைப் போலவே நடுங்கக் கூடும். பழுது உண்மையில் ஒரு தளர்ந்த பிளக்கில் இருந்திருக்கும். பணம் போனதுதான் மிச்சம்.

இப்பாடத்தில் வீட்டிற் செய்த மின் சறுக்குப் பலகை ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். நின்றபடி செல்லும் நான்கு சில்லுப் பலகை இது. இதே வகை மோட்டர் மின்சைக்கிள்களிலும் உள்ளது.

1. பலகையின் அமைப்பு

சக்தி செல்லும் பாதையை முதலில் வரிசையாக எழுதுக.

பற்றரி → உருகி, ஆளி → கட்டுப்படுத்தி → மோட்டர் → பட்டியும் கப்பியும் → சில்லு

பற்றரியில் பொதுவாக 10 இலிதியம் அயன் கலங்கள் தொடராக இணைக்கப்படும். ஒரு கலம் 3.6 வோல்ற்று எனின் மொத்தம் 36 வோல்ற்று. முழுமையாக மின்னேற்றியதும் ஒரு கலம் 4.2 வோல்ற்றை அடைவதால் மொத்தம் 42 வோல்ற்று.

2. பாடநூல் மோட்டரும் இந்த மோட்டரும்

பாடநூலில் உள்ள நேரோட்ட மோட்டரில் காந்தம் நிலையாக இருக்கும், சுருள் சுழலும். மின்னோட்டத்தின் திசையைத் திசைமாற்றியும் காபன் தூரிகைகளும் மாற்றுகின்றன.

சறுக்குப் பலகையில் உள்ளது தூரிகையற்ற மோட்டர். இங்கு சுருள்கள் நிலையாக இருக்கும்; காந்தங்கள் சுழலும். திசைமாற்றியின் வேலையைக் கட்டுப்படுத்தி இலத்திரனியல் முறையிற் செய்கிறது. ஆகவே மோட்டரிலிருந்து மூன்று தடித்த வயர்கள் வெளிவருகின்றன. இம்மூன்று அவத்தைகளுக்கும் மின்னோட்டம் மாறிமாறி வழங்கப்படும். பல மோட்டர்களில் காந்தத்தின் நிலையை அறிவிக்க ஹோல் உணரிகள் மூன்றும் அவற்றுக்குரிய மெல்லிய வயர்களும் உண்டு. இவ்வுணரி, எட்வின் ஹோல் 1879இல் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இயங்குகிறது.

முக்கிய குறிப்பு: மூன்று அவத்தைகளும் ஒரே மாதிரியாகச் சுற்றப்பட்டவை. எனவே நல்ல மோட்டரில் மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். ஒன்று மட்டும் வேறுபட்டால் பழுது அங்கேதான். ஒப்பிட்டுப் பார்க்க வேறு மோட்டர் தேவையில்லை.

3. பாதுகாப்பு

• பலகையைக் கவிழ்த்து, சில்லுகள் நிலத்தில் முட்டாதவாறு வைக்குக.
• வயர்களைக் கழற்றுமுன் பற்றரியின் இணைப்பை நீக்குக.
• பற்றரியின் முனைகளை ஒருபோதும் குறுஞ்சுற்றாக்க வேண்டாம். இலிதியம் கலங்கள் மிக வெப்பமடைந்து தீப்பற்றக்கூடும். மோதிரம், கைச்சங்கிலி என்பவற்றைக் கழற்றி வைக்குக.
• சுழலும் பட்டியின் அருகே விரலைக் கொண்டுசெல்ல வேண்டாம்.

4. சோதனைப் படிமுறைகள்

படி 1: மோட்டர் சுழல்கிறதா, சில்லு சுழல்கிறதா எனப் பிரித்து அவதானிக்க. மோட்டர் சுழன்றும் சில்லு சுழலாவிடின் பழுது மின்னில் இல்லை. கப்பியின் திருகாணி தளர்ந்திருக்கலாம், பட்டி வழுக்கலாம்.

படி 2: பற்றரியின் வோல்ற்றளவைப் பல்மானியால் அளக்குக. பின்னர் கட்டுப்படுத்தியின் நுழைவிடத்திலும் அளக்குக. முதலாவது இடத்தில் 40 வோல்ற்றும் இரண்டாவதில் பூச்சியமும் எனின், இடையில் உள்ள உருகியையோ ஆளியையோ இணைப்பையோ சோதிக்க வேண்டும்.

படி 3: பற்றரியை நீக்கி, மூன்று தடித்த வயர்களையும் கட்டுப்படுத்தியிலிருந்து கழற்றுக. பட்டியையும் கழற்றியபின் மோட்டரைக் கையாற் சுழற்றுக. காந்தங்களின் இழுவையால் சீரான சிறு தட்டுத்தட்டான உணர்வு இருப்பது இயல்பு. கடினமாக இருந்தாலோ உரசல் ஒலி கேட்டாலோ பெயாரிங்கையும், காந்தம் ஒட்டு விட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். சுருள்கள் உள்ளே ஒன்றுடனொன்று தொட்டாலும் இவ்வாறு கடினமாகும்.

படி 4: வயர்களை அ, ஆ, இ எனக் குறித்துக்கொள்க. அ–ஆ இரண்டையும் ஒன்றாகத் தொடுத்து மோட்டரைச் சுழற்றுக. இப்போது சுழற்றுவது கடினமாக இருக்கும். அதேபோல் ஆ–இ, அ–இ சோடிகளையும் சோதிக்க. மூன்றிலும் ஒரே அளவு எதிர்ப்பு உணரப்படல் வேண்டும்.

இது ஏன்? காந்தம் சுழலும்போது சுருளில் மின்னியக்க விசை தூண்டப்படும். இதனை மைக்கல் பரடே 1831இல் காட்டினார். சுற்று மூடப்பட்டால் மின்னோட்டம் பாயும். அம்மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய இயக்கத்தை எதிர்க்கும் திசையிலேயே அமையும். இது 1834இல் வெளியான இலென்சின் விதி. சுற்று அறுந்திருந்தால் மின்னோட்டம் இல்லை, எதிர்ப்பும் இல்லை.

படி 5: பல்மானியைத் தொடர்ச்சி சோதிக்கும் நிலையில் வைத்து, ஒவ்வொரு வயருக்கும் மோட்டரின் உலோக உடலுக்கும் இடையே சோதிக்க. தொடர்ச்சி இருக்கக் கூடாது. இருந்தால் சுருளின் காவலி சிதைந்துள்ளது. இவ்விடத்தில் மட்டுமே மோட்டரை மீளச் சுற்றவோ மாற்றவோ தீர்மானிக்கலாம்.

படி 6: மேற்கூறியவை யாவும் சரியெனின் ஹோல் உணரியின் மெல்லிய வயர்களையும் பிளக்கையும் பார்க்க. நின்ற நிலையில் புறப்படும்போது உதறிவிட்டு, தள்ளிவிட்டதும் சீராக ஓடினால் முதலில் இதையே சந்தேகிக்க வேண்டும்.

ஒரு தடவையில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்க. இரண்டை ஒன்றாக மாற்றினால், எது பழுதாக இருந்தது என்பது கடைசிவரை தெரியவராது.

5. அறிகுறியும் காரணமும்

• எவ்வித அசைவும் இல்லை – உருகி, ஆளி, பற்றரி இணைப்பு
• முன்னும் பின்னும் நடுங்குகிறது, சுழலவில்லை – ஒரு அவத்தை அறுந்துள்ளது
• எதிர்த்திசையிற் சுழல்கிறது – ஹோல் உணரி இல்லாத மோட்டரில் ஏதேனும் இரு தடித்த வயர்களை இடம்மாற்றுக
• தூக்கி வைத்தால் ஓடுகிறது, ஆள் ஏறினால் நிற்கிறது – பற்றரி நலிவு அல்லது தளர்ந்த இணைப்பு

6. மாதிரி வினா

மாணவன் ஒருவனது சறுக்குப் பலகையின் மோட்டர் நடுங்குகிறதேயன்றிச் சுழலவில்லை. வயர்களைக் கழற்றிச் சோதித்தபோது அ–ஆ, அ–இ சோடிகளில் எதிர்ப்பு உணரப்படவில்லை. ஆ–இ சோடியில் உணரப்பட்டது.

(i) பழுது எவ்வயரில் உள்ளது? காரணம் தருக.
(ii) பழுதைத் திருத்திய பின் ஆள் ஏறும்போது பலகை நலிந்தது; பற்றரியின் பிளக் சூடேறியது. பிளக்கின் தடை 0.2 ஓம், மின்னோட்டம் 20 அம்பியர் எனின் பிளக்கில் வீழ்ச்சியடையும் வோல்ற்றளவையும் விரயமாகும் வலுவையும் காண்க.
(iii) ஆள் ஏறாதபோது அளந்த வோல்ற்றளவு சரியாக இருந்தது ஏன்?

விடை

(i) அ. எதிர்ப்பு இல்லாத இரு சோடிகளுக்கும் பொதுவானது அ மட்டுமே. ஆ–இ சோடியில் எதிர்ப்பு இருப்பதால் அவ்விரண்டும் நல்ல நிலையில் உள்ளன.

(ii) வோல்ற்றளவு = மின்னோட்டம் × தடை = 20 × 0.2 = 4 வோல்ற்று
வலு = வோல்ற்றளவு × மின்னோட்டம் = 4 × 20 = 80 வாற்று

(iii) ஆள் ஏறாதபோது மின்னோட்டம் மிகச் சிறியது. உதாரணமாக 1 அம்பியர் எனின் வீழ்ச்சி 0.2 வோல்ற்று மாத்திரமே. ஆகவே பழுது வெளித்தெரியாது.

80 வாற்று என்பது சிறிய தொகையன்று. பற்றாசு பிடிக்கும் சிறிய கருவிகள் பல 30, 40 வாற்று அளவினவே. பிளக் உருகுவதில் வியப்பில்லை. அதேவேளை 0.2 ஓம் என்பது சாதாரண பல்மானியின் சோதனை வயர்களின் தடைக்குக் கிட்டிய பெறுமானம். மானியில் "பூச்சியத்துக்குக் கிட்ட" எனக் கண்டு நல்லதென்று விட்டுவிட வேண்டாம். ஓய்வில் சரியாகத் தெரிவது சுமையேறும்போது பிழைக்கலாம்.

7. விடை எழுதும் முறை

இத்தகைய வினாக்களில் ஒவ்வொரு படிக்கும் மூன்று விடயங்களை எழுதுக: செய்த சோதனை, பெற்ற அவதானம், அதிலிருந்து வரும் முடிவு. முடிவை மட்டும் எழுதினால் நீங்கள் சிந்தித்த வழி திருத்துபவருக்குத் தெரியாது.

பயிற்சி: மூன்று சோடிகளிலும் சம எதிர்ப்பு உள்ளது, உலோக உடலுடன் தொடர்ச்சி இல்லை, ஆயினும் மோட்டர் நடுங்குகிறது. அடுத்து நீர் சோதிக்க வேண்டிய இரு இடங்களைக் காரணத்துடன் எழுதுக.

நினைவிற் கொள்க: மோட்டர் பழுது என்பது நீங்கள் எழுத வேண்டிய கடைசி வரி, முதல் வரி அன்று.