சிற்பக் கலைஞர் செய்த கால்

வெறுங்காலோடு வயலில் இறங்குவதும், சம்மணமிட்டு உண்பதும், குந்தி அமர்ந்து களை எடுப்பதும் வீரசோழன், திருச்சுழி வட்டார மக்களின் அன்றாட வாழ்க்கை. பழைய செயற்கைக் கால்களோ காலணி அணிந்து நாற்காலியில் அமர்வோருக்கே ஏற்றவையாக இருந்தன.

ஜெய்ப்பூரில் சிற்பக் கலைஞரான ராம் சந்திர சர்மா இக்குறையைக் கண்டார். எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியுடன் இணைந்து, 1968-ஆம் ஆண்டளவில் வளைந்து கொடுக்கும் ரப்பர்ப் பாதத்தை உருவாக்கினார். 1981-இல் திருச்சி அருகே நேர்ந்த விபத்தால் காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் காலுடன் 1984-இல் மீண்டும் பரதநாட்டிய மேடை ஏறினார்.

மனிதர் வாழும் விதத்தை உற்றுநோக்கிய கலைக்கண்ணே அப்பாதத்தை உருவாக்கியது. அந்தக் கண் குடும்பத்தாருக்கும் வேண்டும் என்பதே நாங்கள் கூற விரும்புவது. அளவு கொடுக்கச் செல்லும்போது, மாற்றுத்திறனாளியான உங்கள் உறவினர் என்ன தொழில் செய்கிறார், எவ்வாறு அமர்கிறார், எத்தகைய நிலத்தில் நடக்கிறார் என்பவற்றை விரிவாகச் சொல்லுங்கள். பொருத்திய பின், நாள்தோறும் மாலையில் காலைக் கழற்றித் தோலைப் பாருங்கள். நீரிழிவு உள்ளோருக்கு வலி தெரியாமலே புண் உண்டாகலாம். மறையாத சிவப்போ கொப்புளமோ கண்டால், அணிவதை நிறுத்திவிட்டு உடனே எங்களிடம் வாருங்கள்.