பழுதை உரைக்கும் செருகுவாய்

நுழையும்முன்

இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே பழுதறியும் தொழிலாளர் ஊர்தோறும் உண்டு. இன்றைய மகிழுந்தில் அவர்தம் செவிக்குத் துணையாக ஒரு செருகுவாய் அமைந்துள்ளது. அதனை இனங்காணவும் அது தரும் செய்தியைப் பிழையின்றிப் பொருள்கொள்ளவும் கற்பிப்பது இப்பாடம்.

தறி காட்டும் வழி

சேலம் அம்மாபேட்டை நெசவுக்குப் பெயர்பெற்ற பகுதி. விசைத்தறியில் ஊடைநூல் அறுந்தால், அதனை உணரும் உறுப்பொன்று தறியை நிறுத்திவிடும். தார் தீர்ந்ததா, நாடாவில் பழுதா, நூலே நைந்துபோனதா என்று ஆராய்வது நெசவாளரின் பணி. தறி அறிவிப்பது நிகழ்வை. காரணத்தைக் காண்பது மனித அறிவு. மகிழுந்தின் பழுதறி அமைப்பும் இத்தகையதே.

தோற்றம்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டத்திற்கு ஊர்திப்புகை ஒரு காரணம் என்பதை 1950களில் ஹாகன் ஸ்மிட் என்னும் வேதியியல் அறிஞர் விளக்கினார். புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்புகள் பழுதுற்றால் ஊர்தியே அறிவிக்க வேண்டும் என்னும் விதியைக் கலிபோர்னியா 1988ஆம் ஆண்டு மாதிரி ஊர்திகள் முதல் நடைமுறைப்படுத்தியது. 1996இல் அமெரிக்கா முழுவதும் ஒரே வடிவச் செருகுவாய் கட்டாயமாயிற்று. இந்தியாவில் 'ஓ.பி.டி. 2' எனப்படும் இம்முறை 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

இருப்பிடம்

இச்செருகுவாய் பெரும்பாலும் ஸ்டியரிங்கின் கீழே, ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகில் இருக்கும். சில ஊர்திகளில் சிறு மூடியின் பின்னோ, பியூஸ் பெட்டியின் பக்கத்திலோ மறைந்திருக்கும். ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகிய சரிவக வடிவும், வரிசைக்கு எட்டாக 16 முனைகளும் இதன் அடையாளங்கள். 16ஆம் முனையில் பேட்டரியின் மின்சாரம் எப்போதும் இருக்கும். எனவே கருவியைச் செருகியே விட்டுவைத்தால் பேட்டரி மெல்ல வடியக்கூடும்.

குறியீடும் காரணமும்

ஸ்கேனரைச் செருகிச் சாவியைத் திருப்பினால் பழுதுக் குறியீடு தோன்றும். 'பி0301' என்பது முதல் சிலிண்டரில் எரிதல் தவறுவதைக் குறிக்கும். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் ஆகியவற்றுள் எதுவும் அதற்குக் காரணமாகலாம். ஆராயாது ஒவ்வொன்றாக மாற்றினால் உரிமையாளரின் பொருள் வீணாகும். குறியீட்டை அழித்தால் எச்சரிக்கை விளக்கு அணையும். பழுதோ அப்படியே நிற்கும். நோயின் முதலை ஆராய்ந்தே மருத்துவம் செய்ய வேண்டும் என்னும் திருக்குறளின் 'மருந்து' அதிகாரக் கருத்து இயந்திரத்திற்கும் பொருந்தும்.

ஒரே வடிவம், ஒரே குறியீடு என்னும் ஏற்பாட்டால் நிறுவனத்தின் பணிமனைக்கே உரிய செய்திகளுள் பல, தெருமுனைப் பட்டறைக்கும் எட்டுகின்றன. கருவியை வாங்குவோர் பலர்; அதன் சொல்லை ஆராய்ந்து தெளிவோரே தேர்ந்த தொழிலாளர்.

தெரிந்து தெளிவோம்

நாமக்கல் லாரிகள் போன்ற கனரக ஊர்திகளின் மின்னமைப்பு 24 வோல்ட். அதற்குரிய 16 முனைச் செருகுவாயின் நடுப்பள்ளம் இடையில் தடைபட்டிருக்கும். 12 வோல்ட் கருவி தவறிச் செருகப்படாமல் காப்பதே அதன் நோக்கம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதிப் பட்டறைத் தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, செவியால் அறிந்த பழுதுகளையும் கருவியால் அறிந்த பழுதுகளையும் பட்டியலிடுக.
2. 'கருவியும் அனுபவமும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.