குப்பியில் அடைத்த காற்று கூறும் பாடம்

நாம் சுவாசிக்கும் காற்றில், நிறமும் மணமுமற்ற மீத்தேன் என்னும் வாயு மிகச் சிறிய அளவில் கலந்துள்ளது. சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் இதுவே. காற்றுப் புகாத சேற்றிலும், கால்நடைகளின் இரைப்பையிலும், குப்பைமேட்டிலும் நுண்ணுயிர்கள் இதனை உண்டாக்குகின்றன. நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்தும் எண்ணெய்க் கிணறுகளிலிருந்தும் இது கசிகின்றது. புவியின் வெப்பத்தை வெளியேறவிடாது தடுப்பதில் இது கரியமில வாயுவினும் பன்மடங்கு வலியது.

இதனை எங்கு அளப்பது? வீட்டு வாயிலில் அளந்தால் அருகிலுள்ள சாக்கடையின் கணக்கே தெரியவரும். உலகின் பொதுக்கணக்கை அறிய வேண்டுமாயின், மனித நடமாட்டம் அரிதான இடத்தில் அளத்தல் வேண்டும். அதனாலேயே 1983ஆம் ஆண்டு முதல் தென்துருவத்திலும் காற்று மாதிரிகள் எடுக்கப்பட்டு வருகின்றன. அங்குள்ள பனிக்கட்டியில் சிறைப்பட்ட பழங்காற்றுக் குமிழிகளையும் ஆய்ந்துள்ளனர். தொழிற்புரட்சிக்கு முந்தைய 8 லட்சம் ஆண்டுகளில், நூறு கோடி மூலக்கூறுகளில் மீத்தேன் ஏறத்தாழ 800ஐத் தாண்டியதில்லை. இன்று உலகச் சராசரி 1,900ஐக் கடந்துவிட்டது.

இம்முயற்சியில் நம் புதுச்சேரிக்கும் பங்குண்டு என்பதைப் பலர் அறியார். இந்திய, பிரெஞ்சு அறிவியலாளர்கள் கூட்டாக, லடாக்கில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஹன்லேயிலும், காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழக வளாகத்தில் 2006ஆம் ஆண்டிலும் காற்று மாதிரிகளை எடுக்கத் தொடங்கினர். ஈரம் நீக்கிய காற்றைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்துப் பிரான்சிலுள்ள ஆய்வகத்திற்கு அனுப்பி அளந்தனர்.

ஹன்லே, துருவத்தைப் போன்றே ஊர் நெரிசலற்ற குளிர்ப்பாலைவனம். அதனோடு ஒப்பிடுகையில் புதுவைக் காற்றில் மீத்தேன் மிகுதி. அதிலும், தென்மேற்குப் பருவத்தில் பெருங்கடலைக் கடந்துவரும் காற்றில் இது குறைந்தும், குளிர்காலத்தில் நிலப்பரப்பின் மேலாக வரும் வடகிழக்குக் காற்றில் மிகுந்தும் காணப்பட்டது. நம் வயல்களும் குப்பைமேடுகளும் அக்குப்பியில் தம் கணக்கை எழுதிவைத்துள்ளன. ஹன்லேயிலும் அளவு ஆண்டுதோறும் உயர்ந்தமையால், எவ்விடத்துக் கழிவும் அவ்விடத்தோடு நிற்பதில்லை என்பது விளங்கும்.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்குவது. மீத்தேனோ ஏறத்தாழ 10 ஆண்டுகளில் சிதைந்துவிடும். இன்று நாம் குறைத்தால் அதன் பயனை நம் பெயரப்பிள்ளைகள் இளமையிலேயே காண்பர். நெல்வயலில் எந்நேரமும் நீரைத் தேக்காது, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடலாம். மண்ணிற்குள் காற்றுப் புகுவதால் மீத்தேன் பெரிதும் குறையும். சமையலறைக் கழிவைக் குப்பைமேட்டிற்கு அனுப்பாது, காற்றோட்டமுள்ள தொட்டியிலிட்டு உரமாக்கலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி: ஒரு வாரம் உங்கள் வீட்டில் சேரும் காய்கறித் தோல், எஞ்சிய உணவு ஆகியவற்றை நாள்தோறும் நிறுத்துக் குறித்து வையுங்கள். மொத்த எடை எவ்வளவு? அதில் எவ்வளவை உரமாக்க இயலும்? பெற்றோருடன் கலந்து விடை காணுங்கள்.