சர்க்கரை இல்லாதவருக்குச் சர்க்கரை மாத்திரையா?

கேள்வி: என் அம்மாவுக்கு இதயம் பலவீனமாகி, கால் வீங்குகிறது. சர்க்கரை நோய் கிடையாது. ஆனாலும் டாக்டர் டபாகிளிஃப்ளோசின் எழுதியிருக்கிறார். மருந்துக் கடைக்காரர் ‘இது சுகர் மாத்திரையாச்சே’ என்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: கொடுங்கள். கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. சர்க்கரைக்கென்று வந்த மருந்துதான். ஆனால் இந்த வகை மருந்துகளைச் சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகள், இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்தது. உடனே ஆய்வாளர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். 2019-இல் டாபா-ஹெச்.எஃப். ஆய்வு வெளியானது. 4,744 இதய நோயாளிகள். பாதிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரையே இல்லை. சுமார் ஒன்றரை ஆண்டில், இதயச் செயலிழப்பு முற்றியவர்களும் இதயக் கோளாறால் இறந்தவர்களும் சேர்ந்து, வெற்று மாத்திரை சாப்பிட்டோரில் 21 சதவீதம். மருந்து சாப்பிட்டோரில் 16 சதவீதம். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் அதே பலன்.

சர்க்கரை இறங்கி மயக்கம் வருமோ என்ற பயம் அநேகமாக வேண்டாம். அந்தரங்க உறுப்பில் அரிப்பு வரலாம். கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். வாந்தி, பேதி, விரதம் என்றால் அன்றைக்கு மாத்திரை வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். மற்ற இதய மாத்திரைகளை நிறுத்திவிட வேண்டாம். ஊறுகாய், அப்பளம் வேண்டவே வேண்டாம். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.