மணிக்கட்டு வலியா? சொடக்கு எடுக்கும் முன்...

ராத்திரி இரண்டு, மூன்று மணி இருக்கும். நல்ல தூக்கம். திடீரென்று கை மரத்துப்போய், விரல்களில் எறும்பு ஊர்வது மாதிரி குறுகுறுப்பு. எழுந்து உட்கார்ந்து கையை நாலு உதறு உதறினால் கொஞ்சம் தேவலை. மறுபடி படுத்தால் மறுபடி அதே கதை. ‘கையை அமுக்கிப் படுத்திருப்பேன்’ என்று சமாதானம் செய்துகொண்டு, பல பெண்கள் இதை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்வதே இல்லை. வலி முழங்கை வரை ஏறிய பிறகுதான் பேச்சு வருகிறது.

உடனே வீட்டில் ஆளுக்கொரு யோசனை. ‘சுளுக்குதான், எண்ணெய் போட்டு வழிச்சா சரியாயிடும்’ என்பார் மாமியார். கல்லூரிக்குப் போகும் பையன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டுவான். ஒருவர் நோயாளியின் கழுத்தையும் கையையும் பிடித்து ‘டக்’ என்று ஒரு திருப்பு திருப்புகிறார். நோயாளி சிரித்துக்கொண்டே எழுந்து போகிறார். ‘இதுக்குப் பேரு கைரோபிராக்டிக்மா. நம்ம ஊர்லயும் வந்தாச்சு. போய்ப் பார்க்கலாமா?’

பார்க்கலாமா, கூடாதா? உங்களுக்கு இருப்பது எந்த மணிக்கட்டு வலி என்று தெரிந்த பிறகுதான் இதற்குப் பதில் சொல்ல முடியும். ‘மணிக்கட்டு வலி’ என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. கையை இழுத்தால் கெடுதல் வரக்கூடிய வலியும் அதில் இருக்கிறது.

குட்டி இடம், பெரிய கூட்டம்

மணிக்கட்டில் மட்டும் எட்டு குட்டி எலும்புகள், நாலு நாலாக இரண்டு வரிசை. இவை சேர்ந்து உள்ளங்கைப் பக்கம் ஒரு வாய்க்கால் போலக் குழிந்திருக்கின்றன. அந்த வாய்க்காலுக்கு மேல் கெட்டியான ஒரு நார்ப்பட்டை மூடி போட்டிருக்கிறது. இந்தச் சுரங்கத்துக்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், ‘மீடியன்’ என்கிற ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. கூட்டமான டவுன் பஸ்தான்! கொஞ்சம் வீக்கம் வந்தாலும் முதலில் நசுங்குவது நரம்பு. இதற்குத்தான் ‘கார்ப்பல் டனல்’ தொந்தரவு என்று பெயர். தமிழில் மணிக்கட்டுச் சுரங்க நோய் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், அதிக உடல் எடை இவையெல்லாம் தூண்டிவிடும். கர்ப்பிணிகளுக்கு உடம்பில் நீர் கோத்துக்கொள்வதால் வரும். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு அடங்கிவிடும். ஆகவே கை மரத்தால் கையை மட்டும் பார்த்துப் பயனில்லை. ரத்தத்தில் சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுவது நல்லது. கையைத் திருப்பி விடுகிறவர் யாரும் இதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

கைரோபிராக்டிக் என்பது என்ன?

கிரேக்க மொழியில் ‘கையால் செய்வது’ என்று அர்த்தம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்திலுள்ள டேவன்போர்ட் என்ற ஊரில் 1895-ல் டி.டி. பாமர் என்பவர் ஆரம்பித்தது. காது கேளாத ஒருவரின் முதுகெலும்பை ஒரு தள்ளு தள்ளியதும் காது கேட்டது என்று அவர் சொன்னதிலிருந்து கதை தொடங்குகிறது. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை என்பது வேறு விஷயம்! முதுகெலும்பு விலகி நரம்பை அடைப்பதால்தான் பெரும்பாலான நோய்களே வருகின்றன என்றார் பாமர். மருத்துவ உலகம் அதை ஏற்கவில்லை. கைரோபிராக்டர்களிலேயே பலர் இப்போது அதை விட்டுவிட்டு முதுகு, கழுத்து, மூட்டு வலிகளை மட்டுமே பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் இதற்கு லைசென்ஸ் உண்டு. அதற்கென்றே கல்லூரியில் வருடக்கணக்கில் படிக்க வேண்டும். நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டமோ பதிவு கவுன்சிலோ இல்லை. வெளிநாட்டில் முறையாகப் படித்துவிட்டு வந்தவரும் போர்டு மாட்டலாம், சில நாள் பயிற்சி எடுத்தவரும் மாட்டலாம். ‘எங்கே, எத்தனை வருஷம் படிச்சீங்க?’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் அந்த ‘டக்’ சத்தம். எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மூட்டுக்குள் எண்ணெய் போல ஒரு திரவம் இருக்கிறது. மூட்டைச் சட்டென்று இழுக்கும்போது அழுத்தம் குறைந்து, அந்தத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும். அதோடு வருவதுதான் இந்தச் சத்தம். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க டாக்டர் 50 வருடங்களுக்கு மேல் இடது கை விரல்களில் மட்டும் தினமும் சொடக்கு எடுத்து, கடைசியில் இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எந்தக் கையிலும் மூட்டுவாதம் இல்லை. இந்தப் பொறுமைக்காக 2009-ல் வேடிக்கையான ‘இக் நோபல்’ பரிசும் கிடைத்தது! சத்தத்தால் கெடுதல் இல்லை. நோய் போய்விட்டது என்பதற்கு அது சாட்சியும் இல்லை.

சரி, மணிக்கட்டுக்கு இது பலன் தருமா? 1998-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் சுரங்க நோய் உள்ள 91 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வலி மாத்திரையும், ராத்திரி கட்டிக்கொள்ள மணிக்கட்டுப் பட்டையும் தந்தார்கள். இன்னொரு குழுவுக்குக் கைரோபிராக்டிக். கூடவே அல்ட்ராசவுண்ட், அதே ராத்திரிப் பட்டை. ஒன்பது வாரத்தில் இரு குழுவுமே தேறினார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் பட்டை இருந்ததைக் கவனித்தீர்களா? பெருமையில் பாதியாவது பட்டைக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

ஸ்பெயினில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். 120 பெண்களில் பாதிப் பேருக்கு ஆபரேஷன். மீதிப் பேருக்குப் பிசியோதெரபி நிபுணர்களின் கைச் சிகிச்சை. ஒரு வருடம் கழித்து இரு தரப்பும் ஏறக்குறைய சமம். ஆனால் அங்கே செய்தது ‘டக்’ திருப்பு இல்லை. கழுத்திலிருந்து உள்ளங்கை வரை நரம்பு போகும் வழியில் தசைகளை இளக்கி, நரம்பை மெதுவாக நகர்த்தும் பயிற்சி.

எந்த வலி உங்களுக்கு?

வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி மரத்து, சுண்டு விரல் மட்டும் தப்பிக்கிறதா? சுரங்க நோயாக இருக்கலாம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே தொங்கும்படி ஒரு நிமிஷம் வைத்திருங்கள். குறுகுறுப்பு வந்தால் சந்தேகம் பலப்படும். கழுத்து எலும்பில் நரம்பு அமுங்கினாலும் கட்டை விரல் பக்கம் மரக்கும். அதனால் கழுத்தையும் டாக்டர் பார்ப்பது சரிதான். ஆனால் மணிக்கட்டுக்காகக் கழுத்தைச் சட்டென்று திருப்ப மட்டும் விடாதீர்கள். அபூர்வமாக என்றாலும், அப்படித் திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

மரத்துப்போவது இல்லை, கட்டை விரலின் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் சுரீர் என்று வலி. குழந்தையைத் தூக்கினால், தோசைக்கல்லை நகர்த்தினால், துணி பிழிந்தால் உயிர் போகிறது. இது தசைநாண் உறை வீக்கம். ஃபிரிட்ஸ் டி குவர்வேன் என்ற சுவிஸ் டாக்டர் 1895-ல் விவரித்தது. பாமர் கடை திறந்த அதே வருஷம்தான்! கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு இது சகஜம். அக்குளில் கை கொடுத்துத் தூக்காமல், குழந்தையின் அடியில் முழு உள்ளங்கையையும் கொடுத்துத் தூக்குங்கள். கட்டை விரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை போட்டால் பலருக்குக் குறையும். அடங்காவிட்டால் அந்த உறைக்குள் ஓர் ஊசி. உருவி வழிப்பது உறையின் வீக்கத்தை அதிகமாக்கும்.

மூன்றாவதுதான் என்னைப் பயமுறுத்துவது. பாத்ரூமில் வழுக்கி, அல்லது வண்டியிலிருந்து விழுந்து, கையை ஊன்றுகிறோம். வீக்கம் அதிகமில்லை, விரலும் அசைகிறது. ‘சுளுக்கு’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். கட்டை விரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் ஒரு சின்னக் குழி தெரியும். மூக்குப்பொடி வைத்து உறிஞ்சுவார்களே, அந்த இடம். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? ‘ஸ்கேபாய்டு’ எலும்பு விரிசல் விட்டிருக்கலாம். முந்திரிப் பருப்பு போல இருக்கும் இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்து நுனி வழியாகத்தான் அதிகம் நுழைகிறது. நடுவில் முறிந்தால் மறுபாதிக்கு ரத்தம் கிடைக்காமல் அந்தத் துண்டு செத்தே போகலாம். அதில் போய் உருவுவது, இழுப்பது, திருப்புவது எதுவும் கூடாது. முதல் நாள் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகும். ‘எக்ஸ்ரே நார்மல்னு சொல்லிட்டாங்களே!’ என்று விட்டுவிடாமல், கையைக் கட்டி வைத்து, பத்து பதினாலு நாளில் மறுபடி எடுங்கள். அவசரம் என்றால் எம்.ஆர்.ஐ. அப்போதே காட்டிவிடும்.

மாதவிடாய் நின்ற பெண்கள், வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், மூட்டு சூடாகி வீங்கியிருப்பவர்கள், இவர்களும் மணிக்கட்டை யாரிடமும் முறுக்கக் கொடுக்க வேண்டாம். எலும்பு வலுவிழந்திருக்கும்போது சின்ன அழுத்தமும் பெரிய செலவில் கொண்டுபோய் விடும்.

பட்டையும் பொறுமையும்

சுரங்க நோய் ஆரம்ப நிலை என்றால், ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்கும் ஸ்பிளிண்ட் பட்டைதான் முதல் வைத்தியம். உள்ளே தகடு வைத்தது மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும். வெறும் கிரேப் பேண்டேஜ் சுற்றுவது இதற்கு ஈடாகாது. இறுக்கிக் கட்டாதீர்கள். ஆறு வாரம் தவறாமல் கட்டிப் பாருங்கள். நாலு நாள் கட்டிவிட்டு ‘ஒண்ணும் கேக்கலை’ என்பவர்கள்தான் அதிகம்! அதற்கும் கேட்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி. சத்துக் குறைவு இல்லாதவர்கள் நரம்பு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது வீண். பி6 சத்து நீண்ட நாள் அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

இரண்டு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டை விரலடிச் சதை ஒரு கையில் மட்டும் வற்றியிருந்தாலோ, ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியாமல் நழுவினாலோ, பட்டை, பயிற்சி, கைரோபிராக்டிக் என்று நாள் கடத்தக் கூடாது. நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தை அளக்கும் பரிசோதனை செய்து, தேவையானால் அந்த நார்ப்பட்டையை வெட்டிவிடுவார்கள். பெரும்பாலும் கையை மட்டும் மரக்கவைத்தே செய்துவிடலாம். அன்றைக்கே வீடு திரும்பலாம். ராத்திரி மரத்துப்போவது பலருக்குச் சீக்கிரமே நின்றுவிடும். பிடிக்கும் வலு திரும்ப மட்டும் சில மாதங்கள் ஆகும். அதுவரை துணி பிழிவதை வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டுமே!