பகிர்ந்த கோப்பு திறக்க மறுத்தால்

ஒரே வலையமைப்பில் இணைந்த இரண்டு கணினிகளில் ஒன்றிலுள்ள கோப்புறையை மற்றதிலிருந்து திறக்கலாம் என்று தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் படிக்கின்றோம். வீட்டில் செய்து பார்க்கும்போது அது பல வேளைகளில் மறுத்துவிடுகிறது. எங்கள் வீட்டில் கடந்தகால வினாத்தாள்கள் அனைத்தும் நானாவின் கணினியில் உள்ளன. வாப்பாவின் கடைக் கணக்கும் அதிலேயே இருக்கிறது. என் மடிக்கணினியிலிருந்து அந்த வினாத்தாள்களைத் திறக்க முயன்றபோது நான் கற்றவற்றை ஒழுங்குபடுத்தித் தருகின்றேன். இரண்டும் விண்டோஸ் கணினிகள்.

முதலில் திரையில் வரும் செய்தியை வாசியுங்கள். மறுப்பு இரு வகைப்படும். பாதை கிடைக்கவில்லை என்பது ஒன்று. அதன் பிழை எண் 53. அனுமதி மறுக்கப்பட்டது என்பது மற்றது. அதன் எண் 5. முன்னது வீட்டையே கண்டுபிடிக்காத நிலை. பின்னது வாசல்வரை வந்தும் கதவு திறக்காத நிலை. இரண்டுக்கும் மருந்து வேறு.

பாதை கிடைக்காவிட்டால்

மற்றக் கணினி உறக்கநிலையில் இருக்கிறதா எனப் பாருங்கள். இரண்டும் ஒரே ரவுட்டரில் இணைந்துள்ளனவா, ஒன்று கைப்பேசியின் இணைப்பில் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் அக்கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்பது பொருள். கணினியின் பெயருக்குப் பதிலாக அதன் ஐபி முகவரியைக் கொடுத்துத் திறக்க முடிந்தால், பிழை பெயரைக் கண்டறிவதில்தான் உள்ளது. கோப்புள்ள கணினியில் வீட்டு வைஃபை ‘பொது’ வலையமைப்பு எனப் பதிவாகியிருந்தால் தீச்சுவர் பகிர்வைத் தடுக்கலாம். அதனைத் ‘தனிப்பட்டது’ என மாற்றினால் போதும். தீச்சுவரையே நிறுத்த வேண்டியதில்லை.

அனுமதி மறுக்கப்பட்டால்

கேட்கப்படுவது கோப்புள்ள கணினியின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஆகும். அக்கணினியைத் திறக்கும் பின் இலக்கம் வலையமைப்பில் செல்லாது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் வழமையாக வலையமைப்பு வழியே அனுமதிப்பதில்லை. நானாவின் கணக்கு அப்படிப்பட்டதாகவே இருந்தது.

அடுத்து, ஒரு கோப்புறைக்குப் பூட்டுகள் இரண்டு: பகிர்வு அனுமதி ஒன்று, கோப்புறையின் பாதுகாப்பு அனுமதி மற்றொன்று. இரண்டில் இறுக்கமானதே வெல்லும். பகிர்வில் ‘எழுதலாம்’ என்றிருந்தாலும் பாதுகாப்பில் ‘வாசிக்கலாம்’ என்று மட்டும் இருந்தால் வாசிக்கவே முடியும்.

எல்லாக் கோப்புகளும் திறந்து ஒன்று மட்டும் மறுப்பதும் உண்டு. ஒரே வட்டுப் பிரிவுக்குள் இடம் நகர்த்திய கோப்பு தன் பழைய அனுமதிகளையே வைத்துக்கொள்ளும். பிரதி செய்த கோப்பு புதிய கோப்புறையின் அனுமதிகளைப் பெறும். ஆகவே அதை நகர்த்தாமல் பிரதி செய்து வைத்தால் தீர்ந்துவிடும்.

எதைச் செய்யக் கூடாது?

‘எல்லோருக்கும் முழு அனுமதி கொடு, கடவுச்சொல் பாதுகாப்பை நிறுத்து’ என்று சிலர் இலகுவான வழி சொல்வார்கள். கோப்பு உடனே திறக்கும்தான். ஆனால் நம் வைஃபை கடவுச்சொல்லைப் பெற்ற விருந்தினரும் அயல்வீட்டுப் பிள்ளைகளும் அதே வழியால் உள்ளே வரலாம். பழைய எஸ்.எம்.பி. முதற் பதிப்பை மீண்டும் இயக்குவதும் ஆபத்தானது. 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்னும் தீநிரல் அதிலிருந்த ஓட்டையினூடாகவே பல நாடுகளில் பரவி, பிரித்தானிய மருத்துவமனைகளையும் முடக்கியது.

நாங்கள் செய்தது இதுதான்: நானாவின் கணினியில் எனக்கெனக் கடவுச்சொல்லுடன் ஒரு கணக்கு, வினாத்தாள்களுக்கெனத் தனிக் கோப்புறை, அதற்கு ‘வாசிக்கலாம்’ என்ற அனுமதி மட்டும். வினாத்தாள்கள் எனக்குக் கிடைத்தன. வாப்பாவின் கணக்கு பூட்டியபடியே இருக்கிறது. மறுப்புச் செய்தி வந்தால் பூட்டை உடைக்காதீர்கள், தோழியரே. அது எந்தப் பூட்டு என்று கண்டறிந்து உரிய சாவியைக் கேளுங்கள்.