சேற்று மண்ணுக்கு ஒரு சிற்றகத்தி

புனே நகரின் கிழக்கே உள்ளது ஹடப்சர். கடக்வாஸ்லா அணையினின்று புறப்படும் முட்டா வலக்கரைக் கால்வாய் இவ்வழியே செல்கிறது. அந்நீரால் கரும்பும் காய்கறியும் செழித்த ஊர் இது. இன்று வயல்கள் பல அடுக்குமாடிகளாகிவிட்டன. ஆயினும் மண்ணின் குணம் மாறவில்லை. மழைக்காலத்தில் கரிசல் மண் நீரை இறுகப் பற்றிக்கொள்ளும். எளிதில் வடிய விடாது. இங்கே வீட்டின் பின்புறம் சிறிது நிலம் உடைய மாணவ நண்பர் சிலர், “இச்சேற்றில் எது வளரும்?” என்று என்னை வினவினர். அவர்க்கு நான் கூறிய விடையே இக்கட்டுரை.

குளிர்நாட்டார் நீர் தேங்கும் இடங்களில் ஆல்டர் என்னும் செடியை நடுவர். அதன் இனம் ஒன்று நம் இமயச் சாரலிலும் நாகாலாந்திலும் உண்டு. புனேயின் வெயிலுக்கு அது ஏற்றதன்று. அதன் பணியை இங்கே செய்யவல்லது சிற்றகத்தி. செம்பை என்பதும் இதுவே. மராத்தியர் ஷேவரி என்பர். நம் நாட்டுக் கொடிக்கால்களில் வெற்றிலைக் கொடியை அகத்தி தாங்குவது போல, மராட்டியத் தோட்டங்களில் ஷேவரி தாங்குகிறது.

வேரில் நடக்கும் வேலை

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆயினும் செடிகள் அதை நேரே உண்ண இயலா. சிற்றகத்தியின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் அதைச் செடிக்கு உணவாக்கித் தருகிறது. பயறு இனத்தின் முடிச்சிலிருந்து இவ்வுயிரை 1888இல் பிரித்தெடுத்தவர் டச்சு அறிஞர் பெய்ஜெரிங்க். ஆல்டர் வேரில் இருப்பதோ பிராங்கியா என்னும் வேறோர் உயிர். இவ்வகை உயிரைத் தனியே பிரித்து வளர்க்க 1978 வரை காத்திருக்க நேர்ந்தது.

வேர் நீரில் மூழ்கினால் பல செடிகள் மூச்சடைத்து மடியும். சிற்றகத்தியோ தண்டின் அடியில் காற்றறைகள் நிறைந்த மென்திசுவையும் புதுவேர்களையும் தோற்றுவித்துப் பிழைத்துக்கொள்ளும்.

நடும் முறை

விதையின் தோல் கடினமானது. கொதித்து இறக்கிச் சற்றே ஆறிய நீரை அதன்மேல் ஊற்றி, ஓர் இரவு ஊறவிடுக. ஜூன் மழை தொடங்கியதும் சிறு மேடுகளில் ஊன்றுக; வளர்ந்த செடி நீரைத் தாங்கும், இளநாற்று முழுகலாகாது. ஆள் உயரம் வளர்ந்தபின் தரையினின்று ஒரு மீட்டர் விட்டு வெட்டுக. அரை மீட்டருக்கும் கீழே வெட்டினால் பட்டுப்போகக்கூடும்.

நினைவில் கொள்ளவேண்டியது

“முடிச்சுடைய செடி அருகில் நின்றாலே போதும், பக்கத்துச் செடிக்கு உரம் கிடைக்கும்” என்று பலரும் எண்ணுகின்றனர். இது பெரும்பாலும் உண்மையன்று. செடி ஈட்டிய நைட்ரஜனில் பெரும்பகுதி அதன் உடலிலேயே தங்குகிறது. தழை மண்ணில் விழுந்து மக்கினால்தான் மற்றச் செடிகளுக்குக் கிட்டும். கோகிமாவை அடுத்த கோனோமா ஊரின் அங்காமி நாகர் இதை நடைமுறையில் கண்டவர்கள். அவர்கள் ஆல்டரை வேரோடு அழிப்பதில்லை. தலையை மட்டும் வெட்டி, இடையே பயிர் செய்கின்றனர். அடிமரம் மீண்டும் தழைக்கிறது. மண்ணும் வளம் பெறுகிறது. ஆகவே சிற்றகத்தியை அழகுக்கு மட்டும் நிறுத்தாதீர். வெட்டிய தழையைப் பாத்தியில் பரப்புங்கள். மெல்லிய இலையாதலால் விரைவில் மக்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வேர்முடிச்சு நூற்புழுவுக்கு இச்செடி இடம் கொடுக்கும். தக்காளி, கத்தரிக்கு அருகில் வேண்டா. ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும். பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாய் இருக்கும். புழுவின் முடிச்சோ வேரே வீங்கியது, உதிராது.

இச்செடி சில ஆண்டுகளே வாழும். எனவே முற்றிய காய்களைப் பறித்து விதை சேர்த்து வையுங்கள். அடுத்த ஜூனில் ஒரு கைப்பிடியை அண்டை வீட்டு மராத்தி நண்பருக்கும் கொடுங்கள். ஷேவரி என்றால் அவருக்கு விளங்கும்.